கேட்கும் முன் நீட்டிய அட்டை

எரிமலைக்கு நாங்கள் குசினிச் சப்பாத்தோடு போனோம். கேட்பவர்கள் எல்லோரும் முதலில் அதற்குத்தான் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அந்தச் சப்பாத்து எண்ணெய்த் தரையில் வழுக்காது, கத்தி விழுந்தாலும் முன்னாலுள்ள இரும்புத் தகடு விரலைக் காக்கும். எங்களிடம் இருந்ததில் அதுதான் நல்ல சப்பாத்து. அந்த இரும்புத் தகடு சூட்டை எவ்வளவு நேரம் பிடித்து வைத்திருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

பாரிசின் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் பக்கம் ஒரு சாப்பாட்டுக்கடையில் மூன்று பேரும் வேலை செய்தோம். அந்த மாசிமாதம் குழாய் வெடித்து நிலக்கீழ் அறை முழுக்கத் தண்ணீர் நின்றது. திருத்தி முடியும்வரை கடை பூட்டு என்று முதலாளி சொல்லிவிட்டார். சும்மா இருக்கும் நாட்கள் எனக்கு ஒத்துவருவதில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் ஓரிடத்தில் தங்கிப் பழகவில்லை. பாங்கொக், கீவ், நாப்போலி, பிறகு பாரிஸ். எல்லா ஊரிலும் கோப்பை கழுவினேன். யாராவது "வாறியா?" என்று கேட்டால் எங்கே என்று கேட்க முன்னம் பையை எடுத்துவிடுவேன்.

கேட்டவர் எங்கள் தலைமைச் சமையல்காரர். எங்களைவிட மூத்தவர் என்பதால் கடையில் எல்லோருக்கும் அவர் அண்ணை. பாரிசுக்கு வர முன்னம் சிசிலியில், கத்தானியா நகரத்தில், நெடுங்காலம் வீடு துடைத்தவர். அவருடைய அறை யன்னலில் எட்னா மலை தெரியுமாம். ஒருநாளும் ஏறியதில்லை.

"வேலைக்குப் போற வழியிலையும் மலை, வேலையாலை வாற வழியிலையும் மலை. ஏறுறதுக்கு எங்கையடா நேரம்?" என்பார்.

அந்த வாரம் மலையின் ஒரு பக்கம் பிளந்து லாவா பனிக்குள்ளால் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. கைத்தொலைபேசியில் எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நெருப்புக்கு முன்னால் ஆட்கள் சுற்றுலா போனதுபோல நின்று படம் எடுத்தார்கள். "பழைய சினேகிதன் கார் தருவான், படுக்க இடமும் தருவான். போய்ப் பாத்திட்டு வருவம்" என்றார் அண்ணை.

மூன்றாவது ஆள் ரொட்டி போடுபவன். மன்னார்க்காரன். நாங்கள் அவனை மன்னார் என்றே கூப்பிட்டோம். ரொட்டிக்கல்லுக்கு மேலே சுவரில் மடு மாதா படம் ஒட்டி வைத்திருந்தான். ஊரில் மனைவியும் ஒரு மகளும். அவனுடைய அகதி விண்ணப்பத்தை இரண்டு தரமும் தள்ளிவிட்டார்கள். விசா இல்லை. வில்லியே லே பெல்லில் ரயில் ஏறி கார் து நோரில் இறங்கி, கடைக்கு நடந்து வந்து, அதே வழியில் திரும்பிப் போவதுதான் அவனுடைய பிரான்ஸ்.

"பிரான்சுக்கு வந்து நான் கண்டது ரயிலும் ரொட்டிக்கல்லும்தான். நானும் வாறன்" என்றான்.

விசா இல்லாதவன் எல்லை தாண்டுவது எப்படி? அதற்கு எங்களிடம் ஒரு வழமை இருக்கிறது. பெயர் ஒருவனுடையது, உடம்பு இன்னொருவனுடையது. வதிவிட அட்டை உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பான். இல்லாதவன் அந்தப் பெயரில் வேலை செய்வான். மன்னார்க்காரன் எங்கள் கடையில் வேலை செய்ததும் அண்ணையின் மச்சானுடைய அட்டையில்தான். மச்சான் பாரிசுக்கு வெளியே சார்செலில் இருந்தார். கடைக் கணக்கில் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் மன்னார்க்காரன் திரும்பிப் பார்ப்பான். அதற்கும் பழகிவிட்டிருந்தான். இப்போது அட்டையைக் கையோடு வாங்கிக்கொண்டான்.

"படத்திலை இருக்கிறவர் வடிவு, நான் கறுப்பு" என்றான் மன்னார்க்காரன்.

"வெள்ளைக்காரனுக்கு நாங்கள் எல்லாரும் ஒரே மூஞ்சையடா. மீசையை மட்டும் வழிக்காதை" என்றார் அண்ணை.

பேருந்தில் போனோம். எல்லையில் பொலிஸ் உள்ளே ஏறியது. அட்டையைப் பார்த்தது, முகத்தைப் பார்த்தது, இறங்கிப் போனது. மன்னார்க்காரன் அட்டையைப் பைக்குள் வைத்தான். பிறகு மகளுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினான்: அப்பா நெருப்பு மலை பார்க்கப் போகிறேன், வீடியோ அனுப்புகிறேன்.

மலையில் கார் போகக்கூடிய கடைசி இடத்தில் ஒரு வழிகாட்டி நின்று வந்தவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தான். அவனுடைய ஆட்களுக்கு நல்ல பூட்ஸ், தலைக்கவசம், ஊன்றுகோல். எங்களிடம் ஒரு போத்தல் கோலா, சாப்பிட ஒரு பொதி ரோல்ஸ். அவன் இத்தாலியனில் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னான். எனக்கு அங்கங்கே ஒரு சொல் பிடிபட்டது. அண்ணைக்கு எல்லாம் விளங்கியிருக்க வேண்டும்.

"என்னவாம் அண்ணை?"

"கிட்டப் போகக்கூடாதாம். எல்லா இடத்திலையும் உதைத்தான் சொல்லுவாங்கள்."

அவன் சொன்னது அவ்வளவு மட்டும் இல்லை. காற்று முதுகில் அடிக்கும் பக்கம் நிற்கவேண்டும், புகை முகத்துக்கு வந்தால் உடனே விலகவேண்டும். லாவா இறங்கும் திசைக்கு நேர் கீழே நிற்கக்கூடாது. லாவா பனியைத் தொடும் இடம் வெடித்துக் கல் எறியும், அந்தப் பக்கமே போகக்கூடாது. கறுத்து ஆறியது போலத் தெரிவதை நம்பி மிதிக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரியவந்தது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது அண்ணை சொன்ன அந்த ஒரு வரி. அண்ணை சொன்னால் மறுத்துக் கேட்பதில்லை. குசினியில் அப்படித்தான், வெளியிலும் அப்படித்தான்.

தடுப்புக்குக் கட்டியிருந்த நாடாவைச் சுற்றிப் பலர் போனார்கள். நாங்களும் போனோம்.

லாவா ஆறு மாதிரி ஓடும் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. ஒரு பெரிய கரிக்குவியல் நகர்ந்து வந்தது. முன்பக்கத்தில் கற்கள் உருண்டு விழும்போது உள்ளே சிவப்புத் தெரியும். விடாமல் ஒரு சத்தம்: கண்ணாடிக் கிளாசுகளைத் தட்டோடு கீழே போட்டதுபோல. முகம் எரிந்தது, முதுகு பனியில் விறைத்தது. தீப்பெட்டி மணம் தொண்டையில் பிடித்தது.

"அண்ணை, இதிலை ஒரு ரொட்டி போட்டா எப்பிடி இருக்கும்?" என்றான் மன்னார்க்காரன்.

"நீ போடுற தடிப்புக்கு இதிலையும் வேகாது."

மன்னார்க்காரன் சிரித்தான். வந்ததிலிருந்து அவன் சிரித்தது அப்போதுதான். கைத்தொலைபேசியை உயர்த்தி, மகளுக்குச் சொல்லிச் சொல்லி வீடியோ எடுத்தான். பக்கவாட்டில் ஒரு திட்டு மினுங்கிக் கறுத்துக் கிடந்தது. அதில் ஏறினால் பின்னால் சிவப்பு நன்றாகத் தெரியும்.

"உதிலை ஏறாதை" என்றேன்.

"கறுத்துப்போச்சுத்தானே. ஆறியிட்டுது."

ரொட்டிக்கல் கறுப்புத்தான். அதற்கு மேலே உள்ளங்கையைப் பிடித்துச் சூடு பார்க்காமல் அவன் ஒருநாளும் மாவை வைத்ததில்லை. அன்றைக்குக் கையைப் பிடித்துப் பார்க்கவில்லை. இரண்டு அடி வைத்தான். இரண்டாவது அடியில் மேல் ஓடு உடைந்து வலது கால் கணுக்கால்வரை உள்ளே போனது. உடனே இழுத்துக்கொண்டு பின்பக்கமாக விழுந்தான். பெரிதாகக் கத்தவில்லை. "மாதாவே" என்று மட்டும் சொன்னான். சப்பாத்தின் அடி உருகிக் கழன்று தொங்கியது. மேல்பகுதி காலிலேயே இருந்தது.

கக்கத்தில் கைகொடுத்து இழுத்துப் பனிக்குக் கொண்டுவந்தோம். குசினியில் சுட்டால் குழாய்க்குக் கீழே பிடிப்போம். அங்கே குழாய் இல்லை, தண்ணீர் கொண்டுபோகவும் இல்லை. அண்ணை பனியை அள்ளிச் சப்பாத்துக்குள் அடைத்தார், சப்பாத்தைக் கழற்றாமலே. இரும்புத் தகடு உள்ளே சீறியது எனக்குக் கேட்டது.

"அப்பிடித்தான் அண்ணை. இன்னும் வையுங்கோ" என்றான் மன்னார்க்காரன்.

நான் கைத்தொலைபேசியை எடுத்தேன்.

"ஆருக்கு?"

"அம்புலன்சுக்கு."

"விசரே உனக்கு? அவங்கள் வந்தாப் பொலிசும் வரும். கார்ட்டை வடிவாப் பாப்பாங்கள். இவனும் போச்சு, என்ரை மச்சானும் போச்சு."

"கால் போகுது அண்ணை."

"சின்னக் காயம். காருக்குக் கொண்டுபோவம். என்ரை சினேகிதனுக்கு ஒரு டொக்டரைத் தெரியும்."

நான் மன்னார்க்காரனைப் பார்த்தேன். கால் அவனுடையது.

"வேண்டாம் ஐசே. போன் அடிக்காதை" என்றான். "இஞ்சை பிடிச்சா நான் பாரிசுக்குத் திரும்பேலாது. இவ்வளவு காலமும் நிண்டது வீணாப்போயிடும். நடக்கேலும். தூக்கிவிடுங்கோ."

தூக்கினோம். இரண்டு பக்கமும் தோள் கொடுத்தோம். ஏறியபோது சின்னதாகத் தெரிந்த வழி இறங்கும்போது முடியவே இல்லை. பனியில் முழங்கால்வரை புதைந்தோம். அண்ணை வழியில் நின்று நின்று புதுப் பனியைச் சப்பாத்துக்குள் நிரப்பினார். கொஞ்சத் தூரத்தில் மன்னார்க்காரன், "இப்ப நோகேல்லை" என்றான். எங்களுக்குச் சந்தோசம். அண்ணை என்னைப் பார்த்து, "பாத்தியா, சொன்னனானெல்லே" என்றார். நோகாமல் போவதுதான் மோசமான அடையாளம் என்று எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது.

அவன் நடுங்கத் தொடங்கியபோது பாதி வழிகூட வரவில்லை. எதிரே ஊன்றுகோலோடு தனியாக ஏறி வந்த ஒரு வயதான பெண் எங்களைக் கண்டு நின்றாள். அண்ணை "நியெந்தே, நியெந்தே", ஒன்றுமில்லை ஒன்றுமில்லை, என்று கையை அசைத்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. பனி அடைத்த சப்பாத்தைப் பார்த்தாள். கைத்தொலைபேசியை எடுத்து அடித்தாள். இடத்தைச் சொன்னாள், எங்களை அந்த இடத்தைவிட்டு அசையவேண்டாம் என்று சைகை காட்டினாள், தன் மேற்சட்டையைக் கழற்றி அவனுக்குப் போர்த்தினாள். எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

மீட்புக்காரர் சிவப்பு உடுப்போடு வந்தார்கள். முதலில் பனியை வெளியே தட்டினார்கள். கத்திரியால் சப்பாத்தை வெட்டி எடுத்தார்கள். தோலோடு ஒட்டின காலுறையை இழுக்கவில்லை. அதை அப்படியே விட்டுச் சுற்றிவர வெட்டினார்கள். பையிலிருந்த தண்ணீரை மெதுவாக ஊற்றினார்கள். பிறகு மெல்லிய பிளாஸ்டிக் தாளை எடுத்துக் காலின் மேல் போட்டார்கள்.

"இது நாங்கள் இறைச்சி சுத்துறதெல்லே" என்றான் மன்னார்க்காரன் என்னிடம். குரல் நல்ல தெளிவாக இருந்தது.

அவர்களில் ஒருவன் அண்ணையிடம் கேட்டது ஒன்றுதான்: எப்போது நடந்தது? அண்ணை மன்னார்க்காரனின் பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார். அவர்கள் அட்டையைக் கேட்கவில்லை. மலையில் யாரும் யாருடைய பெயரையும் கேட்கவில்லை. அந்த ஆள் ஒரு கணம் விளங்காமல் பார்த்துவிட்டு, அட்டையை வாங்கித் தூக்குப்படுக்கையின் பட்டிக்குள் செருகினான். எப்போது நடந்தது என்று திரும்பவும் கேட்டான். நான் எனக்குத் தெரிந்த நாப்போலி இத்தாலியனில் சொன்னேன். அவன் தலையை ஆட்டிய விதத்தில் நேரம் பிந்திவிட்டது என்று எனக்கு விளங்கிவிட்டது.

அட்டை படுக்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனது. அங்கே அந்தப் பெயரைப் பதிந்தார்கள். பதிந்த பிறகு மன்னார்க்காரன் அந்த ஆஸ்பத்திரியில் இருக்கவில்லை. சார்செல் மச்சான்தான் இருந்தார்.

ஆஸ்பத்திரி நடையில் பிரெஞ்சு தெரிந்த ஒரு தாதி இருந்தாள். முன்பு பிரான்சின் நீசில் வேலை செய்தவளாம். நான் கேட்காமலே எனக்கு விளக்கினாள், அடுத்த தரம் செய்யாதே என்பதுபோல. சுட்ட இடத்தில் பனி வைத்தால் தப்பியிருக்கிற சதையும் செத்துவிடும். குளிர்ந்த தண்ணீர்தான், அதுவும் நெடுநேரம். வீங்க முன்னம் சப்பாத்தைக் கழற்றவேண்டும், கழலாவிட்டால் வெட்டவேண்டும். ஒட்டின துணியை இழுக்கக்கூடாது. காலைக் குளிரவைத்தாலும் உடம்பைச் சூடாக வைத்திருக்கவேண்டும். காயப்பட்டவனைப் பனிக்குள்ளால் நடத்தக்கூடாது. பாதுகாப்பான இடத்தில் வைத்துக்கொண்டு உடனே போன் அடிக்கவேண்டும். அந்த இடத்துக்கு ஹெலிகொப்டரே வந்திருக்கும் என்றாள்.

"அவருக்குப் பேப்பர் இல்லை என்றால்?" என்று கேட்டேன். யாருக்கோ கேட்பதுபோல.

பேப்பர் இல்லாதவர்கள் தினமும் வருகிறார்கள் என்றாள். அவர்களுக்குத் தனியாக ஓர் இலக்கம் கொடுப்போம். பொலிசுக்குச் சொல்வதில்லை.

நான் திரும்பவும் கேட்டேன். அவள் திரும்பவும் சொன்னாள். மூன்றாம் தரம் கேட்டபோது எனக்குப் பிரெஞ்சு விளங்கவில்லை என்று நினைத்து, மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னாள்.

பாதத்தின் முன்பாதியை எடுத்தார்கள். குதிக்கால் மிஞ்சியது.

எப்படித் திரும்பி வந்தோம் என்று எழுதப்போவதில்லை. வந்தோம். வில்லியே லே பெல்லில் மன்னார்க்காரனின் அறைக்கு மச்சான் வந்தார். அப்பிள் நிறைந்த பை ஒன்றைக் கட்டிலில் வைத்துவிட்டு அண்ணையிடம் பாய்ந்தார்.

"என்ரை பேரிலை ஒரு காலை வெட்டிப்போட்டெல்லோ வந்திருக்கிறியள்! நாளைக்கு எனக்குக் காலிலை ஒண்டெண்டா டொக்டருக்கு எந்தக் காலைக் காட்டுறது?"

"ரெண்டையும் காட்டுங்கோ. திரும்ப முளைச்சிட்டுது எண்டு சொல்லுங்கோ" என்றான் மன்னார்க்காரன்.

மச்சானுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் போகும்போது அட்டையைக் கையோடு கொண்டுபோனார். அதில் பிழை சொல்ல முடியாது. அட்டை போனதோடு அவனுடைய வேலையும் போனது. ஒற்றைக் குதிக்காலில் நின்று ரொட்டி அடிக்கவும் முடியாதுதான். இருந்தாலும் உட்கார்ந்து வெங்காயம் உரிக்கக்கூட ஒரு பெயர் தேவை. கடை திறந்தபோது ரொட்டிக்கல்லடியில் வேறு ஒருவன் நின்றான். மடு மாதா படத்தை நான் கழற்றிக்கொண்டுபோய் மன்னார்க்காரனிடம் கொடுத்தேன்.

விசா இல்லாதவர்களையும் பார்க்கும் ஒரு மருத்துவர் பாரிசில் கிடைத்தார். நல்ல மனிதர். அளவெடுத்து ஒரு விசேடச் சப்பாத்து செய்து தர ஏற்பாடு பண்ணலாம் என்றார். சத்திரசிகிச்சை செய்த இடத்து அறிக்கை வேண்டும் என்றார். அறிக்கை இருந்தது, மச்சானின் பெயரில். மன்னார்க்காரன் "துலைஞ்சுபோச்சு" என்று என்னைக்கொண்டு சொல்லுவித்தான். மருத்துவர் இத்தாலிக்குத் தானே எழுதிக் கேட்கிறேன் என்றார், எந்தப் பெயரில் கேட்கவேண்டும் என்று பேனையை எடுத்தார். அதன்பிறகு நாங்கள் அங்கே போகவில்லை. இப்போதும் சாதாரணச் சப்பாத்துக்குள் முன்னால் துணி அடைத்துத்தான் நடக்கிறான்.

அண்ணைதான் அடுத்த யோசனையையும் கொண்டுவந்தார். சப்பல் தேத்தண்ணிக்கடையில், பிளாஸ்டிக் கோப்பைகளுக்கு மேலாகக் குனிந்து சொன்னார்.

"உன்ரை கேசைத் திருப்பித் திறக்கலாம். புது ஆதாரம் வேணும், அவ்வளவுதான். உந்தக் காலைக் காட்டு. ஆமி நெருப்பாலை சுட்டதெண்டு சொல்லு. இத்தாலிப் பேப்பரிலை இருக்கிறது உன்ரை பேரில்லை. உன்னைப் பொய்யன் எண்டு ஒருத்தராலையும் சொல்லேலாது."

அண்ணை கெட்டவர் இல்லை. அந்தக் காலுக்கு ஏதாவது ஒரு பிரயோசனம் வரவேண்டும் என்று இரவு பகலாக யோசித்திருக்கிறார். கண் கலங்கியிருந்தது.

மன்னார்க்காரன் தேநீரைக் குடித்து முடித்தான்.

"என்ரை முதுகிலை இருக்கிற தழும்புதான் அவங்கள் சுட்டது அண்ணை. ரெண்டு தரமும் சேட்டைக் கழட்டிக் காட்டினன். நம்பேல்லை."

"அதாலைதான் சொல்லுறன். காலை நம்புவாங்கள்."

"நம்புவாங்கள். நானாப் போய் வைச்ச காலை நம்புவாங்கள். பேந்து என்ரை முதுகு என்னவாகும்?"

"எதை நம்பினா என்னடா? விசாவெல்லே முக்கியம்."

"உங்களுக்கு அது முக்கியம்" என்றான் மன்னார்க்காரன். சண்டைபோலச் சொல்லவில்லை. எழுந்து துணி அடைத்த சப்பாத்தைத் தரையில் ஒருமுறை தட்டிச் சரிசெய்துகொண்டு வெளியே போனான். அண்ணை கோப்பையைப் பிடித்தபடி இருந்தார். இருவரும் இப்போது தெருவில் கண்டால் தலையை மட்டும் ஆட்டிக்கொள்வார்கள்.

அவன் நொண்டுவதைப் பார்த்துச் சப்பலில் புதிதாகக் காண்பவர்கள், "செல்லடியோ தம்பி?" என்று கேட்பார்கள். "இல்லை, சுத்திப்பாக்கப் போனது" என்பான். போர்க்காயத்தைச் சொல்ல விருப்பமில்லாமல் மறைக்கிறான் என்று நினைத்து இரக்கத்தோடு பார்ப்பார்கள். சிலர் தேநீர் வாங்கித் தருவார்கள். வாங்கிக் குடிப்பான்.

போன கிழமை அவனை ரயிலேற்றிவிடப் போனேன். மேடையின் படியில் கால் இடறி விழப் பார்த்தான். பிடித்துக்கொண்டேன். கொஞ்சநேரம் கம்பியைப் பிடித்து மூச்சு வாங்கினான்.

"ஐசே, இனி எனக்கு ஏதுமெண்டா ஒருத்தரையும் கேட்டுக்கொண்டு நிக்காதை. என்னையும் கேளாதை. உடனை அம்புலன்சுக்கு அடி."

"சரி."

"பேர் கேட்டா என்ரை பேரைச் சொல்லு."

"பிடிச்சுக்கொண்டு போனா?"

"பிடிக்கட்டும்" என்றான். "என்ரை பேரிலை பிடிக்கட்டும்."